லாரிப் பட்டறைக்குச் சார்ஜ் விளக்கு: பெட்டியில் போட்டிருக்கும் லூமனை நம்பி வாங்கலாமா?

கேள்வி – லாரிப் பட்டறை, நாமக்கல்

அனைவருக்கும் வணக்கம்.

நாமக்கல் அருகே சேலம் சாலையோரத்தில் சிறிய லாரிப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக் வேலைகளும் ஓரளவு ஒயரிங் வேலையும் செய்கிறோம். இரவில் வண்டி வழியில் நின்றுவிட்டது என்று ஓட்டுநர் அழைத்தால், கருவிப் பெட்டியோடு அங்கேயே போய்ச் சரிசெய்து கொடுப்பதும் உண்டு. பட்டறைக்குள் இதுவரை 230 வோல்ட்டில் எரியும் கூண்டு விளக்கைத்தான் பயன்படுத்துகிறோம். அதன் ஒயர் ஜாக்கிக்கு அடியிலோ சக்கரத்துக்கு அடியிலோ சிக்கி மேலுறை கிழிந்துபோகிறது. மழை நாளில் ஈரத் தரையில் மல்லாந்து படுத்து வேலை பார்க்கும் பையனிடம் அந்த விளக்கை நீட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் எல்இடி விளக்குக்கு மாறிவிடலாம் என்றிருக்கிறேன்.

கடையில் இரண்டு விளக்குகளைப் பார்த்தேன். முதலாவது ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. பட்டையான சிஓபி எல்இடி (பல சிறு எல்இடிகளை ஒரே பலகையில் நெருக்கமாகப் பதித்தது), அடியில் காந்தம், பின்னால் கொக்கி ஆகியவை உண்டு. பெட்டியில் 2000 லூமன் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்றும், 10 மணி நேரம் எரியும் என்றும், உள்ளே 2600 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருப்பதாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை. ஆனால் அதில் 600 லூமன், 3 மணி நேரம், 5000 மில்லி ஆம்பியர் மணி, சிஆர்ஐ 90, ஐபி 65 என்றுதான் போட்டிருக்கிறது. வெளிச்சமும் நேரமும் குறைவாக உள்ள விளக்குக்கு ஏன் இவ்வளவு விலை என்று கடைக்காரரிடம் கேட்டால், "அது கம்பெனி சாமான்" என்பதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. இவை தவிர, எங்களிடம் உள்ள 18 வோல்ட் இம்பாக்ட் ரெஞ்சின் பேட்டரியிலேயே பொருத்தி எரிக்கும் விளக்கும் அதே நிறுவனத்தில் கிடைக்கிறது.

கடை உரிமையாளர் பழக்கமானவர். இரண்டு விளக்குகளையும் எடுத்துப் போய்ச் சில நாள் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். எதை எப்படிச் சோதித்துப் பார்த்தால் எங்கள் வேலைக்கு ஏற்றது எது என்று தெளிவாகத் தெரியும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – மின்னணுவியல் ஆசிரியர், சேலம்

வணக்கம். விளக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பெட்டியில் உள்ள எண்களைக் கொண்டு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதிலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

லித்தியம் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட். 2600 மில்லி ஆம்பியர் மணி என்பது 2.6 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 9.4 வாட்-மணி வருகிறது. அந்த விளக்குக்குள் இருக்கும் மொத்த ஆற்றல் அவ்வளவுதான். இத்தகைய கை விளக்குகளில், மின்சுற்றில் வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைப்பதே நல்ல நிலை. அப்படியானால் 2000 லூமன் தருவதற்கு 20 வாட் வேண்டும், 9.4 வாட்-மணி அதற்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. மாறாக 10 மணி நேரம் எரிய வேண்டுமானால் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவழிக்க முடியும், அதாவது 100 லூமனுக்குள்தான் வெளிச்சம் இருக்கும். 2000 லூமனும் 10 மணி நேரமும் ஒரே விளக்கில் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வழியே இல்லை. இரண்டாவது விளக்குக்கு இதே கணக்கைப் போடுங்கள்: 5 ஆம்பியர் மணியை 3.6 ஆல் பெருக்கினால் 18 வாட்-மணி, 600 லூமனுக்கு 6 வாட், ஆக 3 மணி நேரம். எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. விலை வேறுபாட்டின் முதல் காரணம் இந்த நேர்மைதான் என்பது என் கருத்து.

பெட்டியில் உள்ள நேரத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கைவிளக்குகளுக்கென்று அமெரிக்காவில் 2009இல் வந்த எஃப்எல்1 என்ற தரநிலையைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, எரியவிட்ட 30 வினாடிக்குப் பிறகு உள்ள வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரமே எரியும் நேரமாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒழுங்காகச் சோதித்துப் போட்ட எண்ணிலும்கூட, கியர் பாக்ஸ் போல்ட்டைத் தேடுவதற்குப் பயன்படாத மங்கிய நேரம் சேர்ந்திருக்கக்கூடும். உங்களுக்கு வேண்டியது, வெளிச்சம் பாதியாகும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே.

அதை வீட்டிலேயே அளக்கலாம். போனில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, அளக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, இருட்டறையில் விளக்கை ஓரிடத்திலும் போனை ஒரு மீட்டர் தள்ளி இன்னோரிடத்திலும் அசையாமல் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். ஒளியை உணரும் பகுதி போனின் முகப்பில் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும்; அந்தப் பக்கம் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும். போன் காட்டும் எண் துல்லியமான லக்ஸ் அளவு இல்லை என்றாலும், ஒரே போனில் ஒரே தூரத்தில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட அது போதுமானது. தூரத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஏனென்றால் தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். கடையில் ஒரு விளக்கை முகத்துக்கு அருகே காட்டி மற்றொன்றைத் தள்ளிக் காட்டினால் நாம் ஏமாறுவதும் இதனால்தான்.

லூமன் எண்ணைத் தோராயமாகச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. விளக்கைத் தரையில் வைத்து வெள்ளைக் கூரையை நோக்கி எரியவிட்டு, நேரடி ஒளி படாதபடி ஓர் அட்டையால் மறைத்த மூலையில் போனை வைத்து அளவு பாருங்கள். பிறகு அதே இடத்தில், 900 லூமன் அளவில் அச்சிட்டு விற்கப்படும் சாதாரண 9 வாட் எல்இடி பல்பை எரியவிட்டுப் பாருங்கள். 2000 லூமன் என்று சொல்லப்படும் விளக்கு, அந்த பல்பின் அளவைக்கூட எட்டவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

குறையும் விதத்தையும் கவனியுங்கள். விலை குறைந்த விளக்குகளில் பேட்டரியையும் எல்இடியையும் வெறும் ரெசிஸ்டர் வழியாக இணைத்திருப்பார்கள். பேட்டரி 4.2 வோல்ட்டிலிருந்து இறங்க இறங்க, வெளிச்சமும் முதல் நிமிடத்திலிருந்தே சரிந்துகொண்டு வரும். நல்ல விளக்கில் மின்னோட்டத்தை ஒரே சீராக வைத்திருக்கும் சுற்று இருக்கும்; வெளிச்சம் நெடுநேரம் ஒரே அளவில் நின்று, கடைசியில் படி இறங்கும். சூடானதும் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்வது குறை அல்ல; எல்இடியைக் காப்பதற்கான ஏற்பாடுதான். எந்த அளவுக்கு இறங்கி நிற்கிறது என்பதே உண்மையான வெளிச்சம்.

பதில் 2 – ஆட்டோ எலக்ட்ரீஷியன், சங்ககிரி

ஆசிரியர் ஐயா வெளிச்சத்தின் அளவைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். நான் நிறத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒயரிங் வேலையில் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் சமாளித்துவிடலாம், நிறம் மாறித் தெரிந்தால் வண்டிக்கே சேதம் வந்துவிடும்.

வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள்தான் வெளிச்சத்தை வெண்மையாக்குகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா என்ற ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான பாஸ்பர் பூச்சில் சிவப்பு ஒளி மிகவும் குறைவாகவே வரும். விளைவாக, லாரியின் ஒயர் கட்டில் சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும், ஆரஞ்சும் ரோஸும் குழப்பும், பத்து வருடத் தூசியும் கிரீஸும் படிந்த கட்டில் ஊதாவைக் கறுப்பு என்றே நினைத்துவிடுவோம். சிஆர்ஐ என்பது நிறங்கள் எந்த அளவுக்கு இயல்பாகத் தெரிகின்றன என்பதற்கான எண். 100 உச்சம், சாதாரண விளக்குகள் 70 முதல் 80 வரை இருக்கும், ஒயரிங் செய்பவருக்கு 90க்கு மேல் வேண்டும். ஆனால் சிஆர்ஐ சராசரி எட்டு வெளிர் நிறங்களை வைத்தே கணக்கிடப்படுவதால், அடர் சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண் இருக்கிறது; தயாரிப்பாளர் அதையும் குறிப்பிட்டிருந்தால் நம்பிக்கையோடு வாங்கலாம்.

சோதனை எளிது. பழைய ஒயர் கட்டிலிருந்து சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு, ரோஸ், ஊதா, கறுப்பு ஒயர்களில் ஒவ்வொரு சாண் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் உங்கள் பையன் ஒருவரை அவற்றின் நிறத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்த இரண்டில் தயங்குகிறாரோ, அந்த இரண்டில்தான் நாளைக்கு வண்டியின் கீழேயும் தயங்குவார். ஒழுகும் எண்ணெயைக் கண்டுபிடிப்பதிலும் இதே பிரச்சினைதான். பவர் ஸ்டியரிங்கில் ஊற்றும் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, எஞ்சின் ஆயில் பழுப்பு முதல் கறுப்பு வரை, கூலண்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். சேற்றோடு கலந்து சேஸிஸில் வழிந்திருக்கும்போது நல்ல நிறம் காட்டும் விளக்கில்தான் எது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச் சாயலைக் குறிக்கும் எண்) என்று போட்டிருக்கும் நீலம் பாய்ந்த வெளிச்சத்தைவிட, 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருப்பது கண்ணுக்கும் இதமாக இருக்கிறது, ஈரம் மின்னும் இடமும் தெளிவாகத் தெரிகிறது.

காந்தத்தைக் கடையில் மேசைக் காலில் ஒட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். தூசி படிந்த சேஸிஸின் செங்குத்தான பக்கத்தில் ஒட்டி, விளக்குத் தலையை முழுவதும் வெளியே மடக்கி நீட்டிவிட்டு, பக்கத்தில் சுத்தியலால் ஓங்கித் தட்டிப் பாருங்கள். பிரேக் டிரம் கழற்றும்போது ஏற்படும் அதிர்ச்சியில் முகத்தின் மேல் விழாமல் நிற்க வேண்டும். கியர் பாக்ஸின் மேலுறை அலுமினியமாக இருந்தால் காந்தம் பயன்படாது. அங்கே கொக்கிதான் துணை, அதுவும் எல்லாப் பக்கமும் சுழலும் கொக்கியாக இருக்க வேண்டும். மூட்டு தளர்ந்து தலை தானாகக் கவிழ்ந்துவிடும் விளக்கை வாங்காதீர்கள். டிரம்மில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும்போது விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்தால்தான் கோடு நிழல் விழுந்து தெரியும்; அதற்கு, வைத்த கோணத்தில் நிற்கும் மூட்டு வேண்டும்.

குறைந்த வெளிச்சத்துக்கு ஒரு நிலை இருப்பதும் முக்கியம். மல்டி மீட்டரின் திரையை ஒரு சாண் தூரத்தில் பார்க்கும்போது 600 லூமன் கண்ணைக் கூசச் செய்யும்.

பதில் 3 – கம்ப்ரசர், பவர் டூல் சர்வீஸ், ஈரோடு

18 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அதன் விளக்குத் தலையை மட்டும் பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்வது நல்ல யோசனை. 5 ஆம்பியர் மணி பேட்டரியில் 90 வாட்-மணி இருக்கிறது. உங்கள் இரண்டாவது விளக்கைப் போல ஐந்து மடங்கு. சாலையோரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, இரவு முழுவதும் நிம்மதியாக வேலை செய்யலாம். ஆனால் அது கனமாகவும் பெரியதாகவும் இருப்பதால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கும் இடையே நுழையாது. அது கை விளக்குக்கு மாற்று ஆகாது, துணையாகத்தான் இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரியை இன்னொரு நிறுவனத்தின் விளக்கில் பொருத்தும் அடாப்டர்கள் சந்தையில் விற்கின்றன. சில நிறுவனங்களில், பேட்டரி அளவுக்கு மீறி இறங்கும்போது துண்டிக்கும் ஏற்பாடு பேட்டரியில் இல்லாமல் கருவியில்தான் இருக்கும். அடாப்டர் வழியாக எரியவிட்டால் பேட்டரி முற்றாக வடிந்து, விலை உயர்ந்த பேட்டரி வீணாகிவிடும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நீண்ட நேர வேலைக்கு வேறொரு வழியும் உண்டு. லாரியிலேயே 24 வோல்ட் பேட்டரி இருக்கிறது. 24 வோல்ட்டில் எரியும் எல்இடி கை விளக்கில் கிளிப்பும் ஃபியூஸும் வைத்துப் பயன்படுத்தினால், ஒயர் கிழிந்தாலும் 230 வோல்ட்டைப் போல உயிருக்கு ஆபத்து இல்லை. பட்டறைக்குள் 230க்கு 24 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் இதைச் செய்யலாம்.

கேள்வி கேட்டவர் – நாமக்கல்

மூவருக்கும் நன்றி. இரண்டு விளக்குகளையும் பட்டறைக்குக் கொண்டுவந்து நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

2000 லூமன் விளக்கு, கூரை வெளிச்சச் சோதனையில் 9 வாட் பல்பைவிடத் தெளிவாகக் குறைவாகவே காட்டியது. எரியவிட்ட சிறிது நேரத்திலேயே சரியத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பத்து மணி நேரம் என்று எதைச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது விளக்கு தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. ஒயர்ச் சோதனையில் முதல் விளக்கில் என் உதவியாளர் பழுப்பைச் சிவப்பு என்றே சொன்னார். இரண்டாவதில் எல்லாவற்றையும் தயங்காமல் சொல்லிவிட்டார்.

இப்போது மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டாவது விளக்கு என் புதிய போனின் சார்ஜரில், இரு முனையும் யுஎஸ்பி சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவில்லை. பழைய சார்ஜரில் ஏறுகிறது. இது பழுதா? இரண்டு, முதல் விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, ஓடுகிற எஞ்சினைப் பார்த்தபோது ஃபேன் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிந்தது. இது ஏன்? மூன்று, பெட்ரோல் டேங்கர்களும் சில சமயம் எங்களிடம் வேலைக்கு வருகின்றன. ஐபி 65 என்று போட்டிருப்பதால் அந்த வண்டிகளுக்கும் இந்த விளக்கைப் பயன்படுத்தலாமா?

பதில் 1 – மின்னணுவியல் ஆசிரியர், சேலம்

சார்ஜ் ஏறாதது பழுது இல்லை, வடிவமைப்பில் விட்டுப்போன குறை. இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். அதை அறிவிப்பதற்கு விளக்கின் உள்ளே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு இருக்க வேண்டும். மிகச் சொற்ப விலை உள்ள அவற்றை விட்டுவிடுவதால் இப்படி ஆகிறது. பழைய வகைச் சார்ஜர் எதையும் கேட்காமலே 5 வோல்ட் தந்துவிடுவதால் அதில் ஏறுகிறது. பழைய சார்ஜரையும் அதன் கேபிளையும் விளக்கோடு சேர்த்தே வைத்துவிட்டால் போதும். இதற்காக மட்டும் விளக்கை நிராகரிக்க வேண்டாம்.

ஃபேன் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிந்ததுதான் கவலைப்பட வேண்டிய செய்தி. வெளிச்சத்தைக் குறைப்பதற்கு அந்த விளக்கு எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கிறது. கண்ணுக்கு அது தொடர்ச்சியான வெளிச்சமாகத் தெரிந்தாலும், சுழலும் பொருள் ஒவ்வொரு மின்னலிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் வந்து நிற்குமானால் அசையாமல் இருப்பது போலவோ மெதுவாக நகர்வது போலவோ தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டை நின்றுவிட்டது என்று நம்பிக் கையை நீட்டினால் விரல் போய்விடும். சுழலும் பாகங்கள் அருகே அந்த விளக்கை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது விளக்கையும் எல்லா வெளிச்ச நிலைகளிலும் சோதித்துவிடுங்கள்: இருட்டில் வெள்ளைப் பேனா ஒன்றை அதன் முன்னே வேகமாக வீசினால், ஒரே தொடர்ச்சியான பட்டையாகத் தெரிய வேண்டும், தனித்தனிப் பேனாக்களாகத் துண்டு துண்டாகத் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது என்று பொருள். துடிப்பு மிக வேகமாக இருந்தால் கண்ணுக்குச் சிக்காமலும் போகலாம் என்பதால், போனின் ஸ்லோ மோஷன் வீடியோவிலும் கருப்புக் கோடுகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

பதில் 4 – டேங்கர் பராமரிப்பு, கரூர்

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: பயன்படுத்தக் கூடாது. ஐபி 65 என்பது தூசி உள்ளே புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான உறுதி மட்டுமே. எரியும் ஆவி சூழ்ந்த இடத்தில் அதன் ஸ்விட்சோ பேட்டரி முனையோ பொறி எழுப்பாது என்பதற்கு அது உறுதி அல்ல. அத்தகைய இடங்களுக்கென்று தனியாகச் சான்று பெற்ற விளக்குகள் உண்டு. நம் நாட்டில் அவற்றுக்கு பெசோ என்ற பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டேங்கரின் அடியிலும், முக்கியமாகப் பட்டறைக் குழியிலும் போய்த் தேங்கி நிற்கும். பையன் விளக்கோடு இறங்குவதும் அந்தக் குழியில்தான். டேங்கைக் காலி செய்து, முறைப்படி ஆவி நீக்கி, அதற்கான சான்றோடு வந்தால் ஒழிய டேங்கர் வேலையை ஏற்கவே வேண்டாம்.

டீசல்தானே என்று அசட்டையாக இருப்பதும் சரியல்ல. நம் நாட்டுத் தரநிலையில் டீசலின் தீப்பற்று வெப்பநிலை (பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பம்) குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் நாமக்கல், கரூர் பக்கத்தில் அந்த வெப்பம் நிழலிலேயே வந்துவிடும். டீசல் டேங்கைக் கழற்றும்போது விளக்கைத் தள்ளிக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அங்கேயே ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சார்ஜில் இருக்கும் லாரி பேட்டரியின் அருகேயும் ஹைட்ரஜன் வெளியேறுவதால் இதே எச்சரிக்கை வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 16046. இதற்குப் பதிவு கட்டாயம் என்பதால், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பேட்டரியிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தரநிலை அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்தால், எந்தத் தொழிற்சாலையின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். 18650 என்ற அளவுள்ள பேட்டரியில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்பவையும் உண்டு. அந்த அளவில் உண்மையான பேட்டரியே 3500 சுற்றில்தான் நிற்கும். விளக்கை வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் விட்டுவைக்கக் கூடாது. எண்ணெய்த் துணியும் வேஸ்ட் பஞ்சும் கிடக்கும் மூலையில் இரவெல்லாம் சார்ஜில் போட்டு விட்டுப்போகவும் கூடாது. உடல் உப்பினாலோ சார்ஜில் கை வைக்க முடியாதபடி சுட்டாலோ அன்றோடு அந்த விளக்கை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் – நாமக்கல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது விளக்கின் எல்லா நிலைகளிலும் பேனாவை வீசிப் பார்த்துவிட்டேன், ஸ்லோ மோஷனிலும் பார்த்துவிட்டேன், எங்கேயும் துண்டுபடவில்லை. சேஸிஸில் ஒட்டிச் சுத்தியலால் தட்டியபோது காந்தம் ஒரு முறை அரை அங்குலம் நழுவியது, ஆனால் விழவில்லை. அதில் கொக்கியும் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறேன். பதிவு எண்ணும் செயலியில் சரியாக வந்தது. அந்த வகையில் இரண்டும், 18 வோல்ட் பேட்டரிக்கான விளக்குத் தலை ஒன்றும் வாங்கப் போகிறேன். குழி வேலைக்கு 24 வோல்ட் கை விளக்கையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பொருத்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். ஆவி நீக்கிய சான்று இல்லாமல் டேங்கர்களை உள்ளே விடுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

கடைக்காரரிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்துபோனால், திருகைக் கழற்றி அதை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது விளக்கையே தூக்கிப் போட வேண்டுமா? இந்த வகை விளக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பதில் 3 – கம்ப்ரசர், பவர் டூல் சர்வீஸ், ஈரோடு

நீங்கள் சொல்லும் 5000 மில்லி ஆம்பியர் மணி என்பது பெரும்பாலும் 21700 அளவுள்ள ஒற்றை பேட்டரிதான். பின்பக்கம் ரப்பர் உறைக்குக் கீழே திருகுகள் தெரிந்தால், சர்வீஸ் செய்பவர் கழற்றி மாற்றிவிடலாம். மாற்றும்போது, பழையதில் முனையில் பட்டையாக ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுற்று இருந்தால், புதியதிலும் அது இருக்க வேண்டும். பேட்டரியின் மேல் நேரடியாகச் சாலிடரிங் இரும்பை வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், அந்தச் சூடு பேட்டரியைக் கெடுத்துவிடும்; ஸ்பாட் வெல்டிங் செய்த பட்டையோடு வரும் பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக்கைப் பசை போட்டு மூடியிருந்தால் மட்டும் திறக்க முயல வேண்டாம், திறந்த பிறகு ஐபி 65 பாதுகாப்பு அதற்கு இருக்காது. வாங்கும்போதே திருகு உள்ளதா என்று பார்த்து வாங்கிவிடுங்கள்.